தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடியும் நூறு மீட்டரில் மகன் மெதுவாகிக்கொண்டே போகிறான்

சைக்கிள்கடை
ஜனவரி 18, இரவு 9:52

அனைவருக்கும் வணக்கம். நான் விளையாட்டு வீரன் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மகனுக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், நூறு மீட்டர் ஓடுகிறான்.

குறுவட்டப் போட்டியில் 11.3 நொடி, முதல் பரிசு. மாவட்டப் போட்டியில் 11.5, இரண்டாம் இடம். மாநிலப் போட்டியில் 11.82. முதல் சுற்றோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். சில மாதங்களில் அரை நொடி எங்கே போனது?

பயிற்சியாளர் சொல்வது இது: "கடைசி முப்பது மீட்டரில் தளர்ந்துவிடுகிறான், மூச்சு போதவில்லை." அதனால் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மாலையில் நூறு மீட்டர் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம். வாரத்தில் ஆறு நாள். பையன் இரவு தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறான். வலது தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிப்பதாகவும் பத்து நாளாகச் சொல்கிறான்.

இதையே இன்னும் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெள்ளைக்கொடி
ஜனவரி 18, இரவு 10:31

ஐயா, நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். முப்பது ஆண்டுகள் முடிவுக்கோட்டில் படிக்கட்டுப் பலகை மீது கடிகாரத்தோடு நின்றவன். பயிற்சியைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன்: குறுவட்டப் போட்டியில் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது துப்பாக்கியா, விசிலா?


சைக்கிள்கடை
ஜனவரி 18, இரவு 10:40

விசில்தான் ஐயா. மாவட்டத்தில் துப்பாக்கி. மாநிலத்தில் துப்பாக்கி, கூடவே முடிவுக்கோட்டில் கேமரா வைத்திருந்தார்கள்.


வெள்ளைக்கொடி
ஜனவரி 18, இரவு 11:05

நினைத்தேன். உங்கள் மகன் மெதுவாகவில்லை. கடிகாரம்தான் நேர்மையாகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்லும். தொடக்கக் கோட்டில் ஊதிய விசில் நூறு மீட்டர் தாண்டி என் காதுக்கு வர 0.29 நொடி ஆகும். கேட்ட பிறகு கட்டைவிரல் அசைய இன்னும் கொஞ்சம். அதற்குள் பையன் கிளம்பிவிட்டிருப்பான். முடிவுக்கோட்டில் அப்படி இல்லை. அவன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சரியாக அழுத்திவிடுவோம். தொடக்கம் தாமதம், முடிவு சரி. நேரம் குறைந்துதான் தெரியும்.

அதனால்தான் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்து, சத்தத்தைக் கேட்டு அழுத்தாதே என்று நேரம் எடுப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். புகையைப் பார்த்து அழுத்தினாலும் கைநேரம் குறைவாகவே வரும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட நூறு மீட்டரில் கைநேரத்துக்கு 0.24 நொடி கூட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

இப்போது கணக்குப் போடுங்கள். மாவட்டத்தில் 11.5, கூட 0.24, ஆக 11.74. குறுவட்டத்தில் விசில் என்பதால் ஒலி வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை நொடி கூடும், 11.8. மாநிலத்தில் கேமரா எடுத்த மின்னணு நேரம் 11.82. மூன்றும் ஒரே பையன், ஒரே வேகம். அரை நொடி எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே உங்களிடம் அது இல்லை.

மன்னிக்கவும், கடைசி வரி கொஞ்சம் கடுமையாகிவிட்டது.


சைக்கிள்கடை
ஜனவரி 18, இரவு 11:12

கடுமை இல்லை ஐயா. மூன்று மாதமாக அவனைத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.


ஆறாம்தடம்
ஜனவரி 19, காலை 6:20

அண்ணாச்சி, நான் பல்கலைக்கழக அளவில் இருநூறு மீட்டர் ஓடியவன். இப்போது சனி, ஞாயிறுகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வெள்ளைக்கொடி ஐயா சொன்னதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, கெட்ட செய்தியும் இருக்கிறது. மெதுவாகவில்லை என்பது நல்லது. சில மாதங்கள் இவ்வளவு உழைத்தும் ஒரு அங்குலம்கூட வேகம் கூடவில்லை என்பது கெட்டது.

காரணம், அவன் செய்வது வேகப் பயிற்சியே இல்லை. நாளை மாலை அந்தப் பத்து ஓட்டத்துக்கும் நீங்களே கடிகாரம் பிடித்துப் பாருங்கள். முதலாவது 12-ஐ ஒட்டி வரும். நான்காவதிலிருந்து 14, 15 என்று ஏறும். ஆக, ஒரு மாலையில் ஏழு முறை அவன் 15 நொடியில் நூறு மீட்டர் ஓடப் பழகுகிறான். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில்தான் தேர்ச்சி பெறும்.

முழுவேக ஓட்டத்துக்குத் தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பு இருக்கிறது. கடையில் கல்லாப்பெட்டி மாதிரி. சில நொடிகளில் பெரும்பகுதி காலியாகிவிடும். மறுபடி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு நிமிடத்தில் கிளப்பினால் காலிப் பெட்டியோடு வியாபாரம் செய்கிறான் என்று அர்த்தம். பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. முப்பது மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம், அறுபது ஓடினால் ஆறு நிமிடம். வெளியிலிருந்து பார்த்தால் பையன் சும்மா உலாத்துவதாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி முப்பது மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 ஓடினாரே, அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. கடைசி இருபதில் அவரே குறைந்திருக்கிறார். நூறு மீட்டரில் கடைசிவரை வேகம் கூட்டிக்கொண்டே போகிறவர் யாரும் இல்லை. அவர் 60-இலிருந்து 80 வரை போய் உச்சத்தைத் தொட்டார். நம் பிள்ளைகள் 40, 50 மீட்டரிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். பிறகு இறக்கம்தான். உங்கள் மகன் கடைசியில் தளர்வது மூச்சுக் குறைவால் இல்லை. அவனுடைய உச்சவேகமே தாழ்வாக இருக்கிறது, அங்கேயும் சீக்கிரம் போய்விடுகிறான். உச்சத்தை உயர்த்துங்கள், வால் பகுதி தானாக உயரும். பதினோரு நொடி ஓட்டத்தில் மூச்சு போதவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.


ஊர்மைதானம்
ஜனவரி 19, காலை 8:47

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தானாகவே வருகிறது. நாங்கள் எண்பதுகளில் ஓடியபோது இடையில் உட்கார்ந்தால் மாஸ்டரின் பிரம்பு பேசும். பி.டி. உஷா பையோளிக் கடற்கரை மணலில் ஓடி ஓடித்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போனார். அடித்தளம் இல்லாமல் கட்டடம் ஏது? ஐந்து கிலோமீட்டரை நிறுத்தச் சொல்கிறவர்கள் நாளைக்குப் பையன் சோம்பேறியானால் பொறுப்பேற்பார்களா?


ஆறாம்தடம்
ஜனவரி 19, காலை 9:30

உஷா அவர்கள் 1984-இல் நான்காவதாக வந்தது நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில். நேரம் 55.42. வெண்கலம் நூறில் ஒரு பங்கு நொடியில் போனது. 2023-இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் நம் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐத் தொடுகிறவரை, 39 ஆண்டுகள், இந்தியாவில் அந்த நேரம் அப்படியே நின்றது. அவரையும் அவருடைய பயிற்சியாளர் நம்பியாரையும் குறை சொல்ல நான் யார்? ஆனால் அது ஏறக்குறைய ஒரு நிமிடம் நீளும், பத்துத் தடை தாண்டும் ஓட்டம். அதற்கு மணல் வேண்டும், தாங்குதிறன் வேண்டும். இந்தப் பையன் பன்னிரண்டு நொடிக்குள் முடித்துவிடுகிறான்.

மணலையும் நான் வேண்டாம் என்று தள்ளவில்லை. மணலில் பாதம் புதையும், தரையில் அதிக நேரம் தங்கும். கிளம்பும்போது தள்ளுகிற வலிமைக்கு அது உதவும். உச்சவேகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். நல்ல ஓட்டக்காரனின் பாதம் அப்போது தரையில் இருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதற்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பீட்டர் வெயண்டும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இதைத்தான். காலை முன்னால் வீசிக் கொண்டுவர வேகமானவர்களுக்கும் மெதுவானவர்களுக்கும் ஆகும் நேரம் பெரிதாக வேறுபடவில்லை. வேகமானவர்கள் தரையை ஓங்கி அடித்தார்கள். வேறுபாடு அங்கே இருந்தது. "காலை வேகமாகச் சுழற்று" என்று நான் பத்து வருடம் கத்தியிருக்கிறேன். வீண் கத்தல்.


வல்லைவெளி
ஜனவரி 19, பிற்பகல் 1:15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடசாலைகளில் நிலைமை இதற்கு மறுபக்கம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஓடத் தொடங்குவோம். போட்டி முடிந்தால் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவோம். மெய்வல்லுநர் (தடகள) போட்டிகளில் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு ஓட்டங்கள்தான் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும்.

எங்கள் நாட்டு யுபுன் அபேகோன் 2022-இல் சுவிற்சர்லாந்தில் 9.96 செக்கன் ஓடினார். 100 மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் முடித்த முதலாவது தெற்காசியர். அவர் இத்தாலியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். நல்ல ஓடுபாதையும் நல்ல பயிற்றுநரும் அங்கே கிடைத்தன என்பது ஒருபுறம். கோடை முழுக்கத் தன்னைவிட வேகமானவர்களோடு அடிக்கடி ஓடக் கிடைத்தது என்பது மற்றப்புறம். தனியே ஓடுகிற பிள்ளை தன் முழு வேகத்தை ஒருநாளும் தொடுவதில்லை என்பது என் எண்ணம். உங்கள் மகனோடு ஓட இன்னொரு பையன் இருக்கிறானா?


சைக்கிள்கடை
ஜனவரி 19, இரவு 9:20

இருக்கிறான். பக்கத்துத் தெருப் பையன், நீளம் தாண்டுகிறவன். முப்பது மீட்டர்வரை என் மகனை விட்டுவிட்டு முன்னால் போய்விடுவான்.

இன்று கடிகாரம் பிடித்தேன். 12.1, 12.6, 13.4, 14.2. ஐந்தாவது 14.9 வந்ததும் நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஆறாம்தடம் தம்பி மைதானத்துக்கு வராமலே சொன்னது அப்படியே நடந்தது.


மாவிலை
ஜனவரி 19, இரவு 10:02

நான் இயன்முறை மருத்துவர். எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளை பத்து நாளாகத் தொடை பிடிக்கிறது என்கிறான், ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சில கேள்விகள். ஓடும்போது சட்டென்று குத்தியதா, மெல்ல மெல்ல இறுகியதா? நீலம் பாய்ந்ததா? குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும்போது நீங்கள் கணுக்காலைப் பிடித்துத் தடுத்தால் வலிக்கிறதா? சட்டென்று குத்தியிருந்தாலோ, நீலம் இருந்தாலோ இந்த இழையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பின்தொடைத் தசை பெரும்பாலும் கிழிவது, கால் முன்னால் வீசிப் போய்த் தரையைத் தொடப் போகும் கடைசித் தருணத்தில். நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்துகிற வேலை அதற்கு. களைத்த தசை அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. ஒரு நிமிட ஓய்வில் பத்து நூறு என்பது அந்தத் தசையைக் களைக்கவைத்து அதனிடமே கடினமான வேலையையும் கேட்பது.


சைக்கிள்கடை
ஜனவரி 20, காலை 7:10

குத்தல் இல்லை அம்மா, மெல்ல இறுகியதுதான். நீலம் இல்லை. தடுத்துப் பார்த்தேன், லேசாக வலிக்கிறது என்றான்.


மாவிலை
ஜனவரி 20, காலை 7:55

அப்படியானால் ஒரு வாரம் முழுவேக ஓட்டம் வேண்டாம். படுத்தே கிடக்கவும் வேண்டாம், நடக்கட்டும், வலி இல்லாத அளவுக்கு மெதுவாக ஓடட்டும். நேரில் ஒருவரிடம் காட்டவும் செய்யுங்கள், திரையில் பார்த்துத் தசையைச் சோதிக்க முடியாது. வலி முழுக்கப் போன பிறகு வாரம் இரண்டு முறை இந்தப் பயிற்சி: பாயில் முட்டி போட்டு நிற்க வேண்டும், நீங்கள் கணுக்காலை அழுத்திப் பிடியுங்கள், அவன் முதுகு வளையாமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளட்டும். முதல் நாள் நான்கைந்து முறை போதும். மறுநாள் நன்றாக வலிக்கும், பயப்படாதீர்கள். இந்தப் பயிற்சி பின்தொடைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பெரும்பாலும் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.


நானூறுமீட்டர்_பெண்
ஜனவரி 20, மாலை 5:33

அக்கா, இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி, மன்னியுங்கள். நான் கல்லூரி முதலாம் ஆண்டு, 400 மீட்டர். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சோற்றை நிறுத்தச் சொன்னார்கள். நான்கு கிலோ குறைந்தேன். முதலில் நேரம் நன்றாக வந்தது. இப்போது நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான், நல்ல அறிகுறி என்கிறார்கள். உண்மையா?


மாவிலை
ஜனவரி 20, மாலை 6:01

பொய். உன்னைத் திட்டவில்லை அம்மா, சொன்னவர்களைத் திட்டுகிறேன். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் மூடும் கடைகளில் ஒன்று அது. அது மூடியே கிடந்தால் எலும்பு பலமிழக்கும், முன்காலில் மயிரிழை முறிவு வரும், ஒரு பருவம் முழுக்க உட்கார நேரிடும். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார். வேறு காரணங்களும் இருக்கலாம், அவர் பார்த்துச் சொல்வார். இரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல். இன்று இரவிலிருந்து சோறு சாப்பிடு. தனிச் செய்தியில் எனக்கு எழுது.


வெள்ளைக்கொடி
ஜனவரி 20, இரவு 8:15

இது இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி இல்லை மகளே. கேட்டது நல்லது.


ஆறாம்தடம்
ஜனவரி 20, இரவு 10:44

அண்ணாச்சி, வலி போன பிறகு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். பயிற்சியாளரிடமும் காட்டுங்கள், அவரை ஒதுக்கிவிட்டுச் செய்ய வேண்டாம்.

முழுவேகம் வாரத்தில் இரண்டு நாள். மிகப் பழகியபின் மூன்று. அந்த நாள்களுக்கு இடையில் நாற்பத்தெட்டு மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு நாள் கிளம்புதல்: முப்பது மீட்டர், ஐந்தாறு முறை. அந்த நீளம் தாண்டும் பையன் பக்கத்துத் தடத்தில் ஓடட்டும். மற்ற நாள் உச்சவேகம்: முப்பது மீட்டர் படிப்படியாகக் கூட்டி வந்து, அடுத்த இருபது மீட்டரை முழுவேகத்தில் கடப்பது. நான்கு முறை, ஐந்து முறை, போதும். ஒரு நாளின் முழுவேக ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் முந்நூறு மீட்டரைத் தாண்டாது. மற்ற நாள்களில் புல்தரையில் முக்கால் வேகத்துக்கும் குறைவாக மூச்சு வாங்காத ஓட்டம், குதித்தல், வயிற்றுக்கும் முதுகுக்குமான பயிற்சி. ஒரு நாள் முழு ஓய்வு.

நேரம் முந்தின ஓட்டத்தைவிடக் குறிப்பிடும்படி இறங்கினால் அன்றைக்கு அத்தோடு வீட்டுக்கு. "இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது" என்ற பேச்சே கூடாது.

இனி அளப்பது. உங்கள் கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முழுவேகப் பகுதியில் பத்து மீட்டருக்குத் தடத்தில் இரண்டு கோடு போடுங்கள். நடுவில், தடத்திலிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளி, கைபேசியை அசையாமல் நிறுத்துங்கள். தடத்தின் இந்தப்பக்க ஓரத்தில் இரண்டு குச்சி நடுங்கள். ஆனால் கோட்டுக்கு நேராக நட்டால் தவறு. கைபேசியிலிருந்து பார்க்கும்போது, அவன் ஓடும் இடத்தில் உள்ள கோட்டைக் குச்சி மறைக்க வேண்டும், அங்கே நடுங்கள். அவனுடைய இடுப்பு முதல் குச்சியைத் தொடும் படத்திலிருந்து இரண்டாவதைத் தொடும் படம்வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நொடி. விசிலும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம்.

கால் விழும் இடமும் முக்கியம். பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுந்தால் அது முன்சக்கர பிரேக். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.


ஊர்மைதானம்
ஜனவரி 21, காலை 9:12

இந்த நாற்பத்தெட்டு மணி நேரக் கதை கனடாவின் சார்லி பிரான்சிஸ் சொன்னது. அவர் யாருடைய பயிற்சியாளர் தெரியுமா? பென் ஜான்சன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை 9.79-இல் ஓடி, மூன்றாம் நாள் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தவர். மாத்திரை போட்டவனுக்குத்தான் அந்தத் திட்டம் பொருந்தும்.


ஆறாம்தடம்
ஜனவரி 21, காலை 10:05

அவர் ஊக்கமருந்து கொடுத்தது உண்மை, விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பாவத்தை நான் கழுவ வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைத் திருப்பிப் பாருங்கள். அந்த ஊக்கமருந்து செய்கிற வேலைகளில் ஒன்று களைப்பிலிருந்து சீக்கிரம் மீளவைப்பது. அதைப் போட்டவனுக்கே இரண்டு நாள் இடைவெளி தேவைப்பட்டது என்றால், கேழ்வரகுக் கூழும் முட்டையும் சாப்பிடுகிற பையனுக்கு ஆறு நாளும் முழு வேலை கொடுப்பது எந்த நியாயம்?


ஊர்மைதானம்
ஜனவரி 21, பகல் 12:40

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும் என்பதில் மாற மாட்டேன்.


தஞ்சோங்காற்று
ஜனவரி 21, இரவு 11:20

சிங்கப்பூரிலிருந்து ஒரு கிளைக்கதை. வெள்ளைக்கொடி ஐயாவின் கைநேரக் கணக்கைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. 1966 பாங்காக் ஆசியப் போட்டி, நூறு மீட்டர் இறுதி. தங்கம் மலேசியாவின் ஜெகதீசன், வெள்ளி சிங்கப்பூரின் குணாளன். இரண்டு தமிழர்கள். இருவருக்கும் ஒரே நேரம், 10.5. படத்தைப் பார்த்துத்தான் யார் முதல் என்று சொன்னார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 சிங்கப்பூரில் 33 ஆண்டுகள் நின்றது. அதே மெக்சிகோவில் ஜெகதீசன் இருநூறு மீட்டரில் ஓடிய 20.92 மலேசியாவில் 2017 வரை நின்றது. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது ஒரு கை கொடுக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சாதனைதான். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மருத்துவர். முழுநாளும் ஓடிக்கொண்டே இருக்க இருவருக்குமே நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.


சைக்கிள்கடை
பிப்ரவரி 6, இரவு 9:35

வலி முழுக்கப் போய்விட்டது. நேரில் காட்டினோம், கிழிசல் இல்லை என்றார்கள். பயிற்சியாளரிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார். "கைபேசியைப் பார்த்துப் பயிற்சி கொடுப்பதானால் நான் எதற்கு?" என்றார். பதினைந்து நொடிக் கணக்கு எழுதிய தாளைக் காட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "செவ்வாயும் சனியும் நீங்கள் சொல்கிறபடி பார்ப்போம்" என்றார். ஐந்து கிலோமீட்டர் இரண்டாகக் குறைந்திருக்கிறது. முழுக்க நிறுத்த மனம் வரவில்லை அவருக்கு.

இன்று முதல்முறையாக அளந்தோம். 259 படம். 240-ஆல் வகுத்தால் 1.08 நொடி. இது நல்லதா கெட்டதா?


ஆறாம்தடம்
பிப்ரவரி 6, இரவு 10:10

நொடிக்கு 9.26 மீட்டர். 11.8 ஓடுகிறவனுக்கு ஏற்ற எண்தான். நல்லது கெட்டது என்று பார்க்க வேண்டாம், இதுதான் முதல் படி. அடுத்த அளவு மூன்று வாரம் கழித்து எடுங்கள். வாரா வாரம் அளந்தால் பையன் பயிற்சியை விட்டுவிட்டுக் கைபேசிக்காக ஓடுவான்.


சைக்கிள்கடை
பிப்ரவரி 8, இரவு 8:50

பாதம் முன்னால் போய் விழுவதற்கு ஒரு யோசனை தோன்றியது. கடையில் பழைய டியூப் குவிந்து கிடக்கிறது. அவற்றைத் தடத்தில் வரிசையாகப் போட்டேன். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு எட்டு. டியூபை மிதிக்கக் கூடாது என்று முழங்கால் தானாக உயர்கிறது, பாதம் இடுப்புக்குக் கீழே விழுகிறது. நான் ஒரு வார்த்தையும் கத்த வேண்டியிருக்கவில்லை.


மாவிலை
பிப்ரவரி 8, இரவு 9:14

யோசனை அருமை, பொருள் ஆபத்து. ஆணி வைத்த காலணி ரப்பர் டியூபில் மாட்டினால் அவன் முகத்தால் தரையைத் தொடுவான். சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள், அதே வேலையைச் செய்யும்.


ஆறாம்தடம்
பிப்ரவரி 8, இரவு 9:40

டாக்டர் சொல்வது சரி. காசு கொடுத்து இதற்கென்றே சின்னத் தடைகள் வாங்கி இதே பயிற்சியைச் செய்கிறார்கள். அண்ணாச்சி டியூபில் கண்டுபிடித்துவிட்டார். என் பிள்ளைகளுக்கும் ஞாயிறன்று சுண்ணாம்புக் கோடு.


நானூறுமீட்டர்_பெண்
பிப்ரவரி 20, மாலை 4:18

மாவிலை அக்காவுக்கு மட்டும்: மருத்துவரைப் பார்த்தேன். இரும்புச் சத்து மிகவும் குறைவு. சோறு சாப்பிடுகிறேன். இரண்டு வாரம் ஓட வேண்டாம் என்றிருக்கிறார்கள், அழுதேன். இன்று கொஞ்சம் பரவாயில்லை.


சைக்கிள்கடை
மார்ச் 8, இரவு 9:05

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒருமுறை 257. இன்று 253 படம், 1.054 நொடி. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், பயிற்சியாளரும் ஒருமுறை எண்ணினார். அவருடைய எண்ணிக்கையில் 252. நான் 253 என்றே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு கல்லூரியில் திறந்த போட்டி. மின்னணு நேரம் 11.61. கைநேரமாக இருந்தால் ஊருக்கே 11.4 என்று சொல்லியிருப்போம். சொல்லவில்லை. 11.61 என்றுதான் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான்.

முதல் இரண்டு வாரம் தினமும் சண்டை. "அப்பா, களைப்பே வரவில்லை, இது பயிற்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று நிமிட ஓய்வில் நிற்க மாட்டான், தண்டால் எடுக்கப் போய்விடுவான். கடையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் மைதானத்தில் போட்டேன். உட்கார வைத்தேன். இப்போது அந்த நீளம் தாண்டும் பையனும் தன் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவருகிறான்.

ஒரு சந்தேகம். அந்தப் போட்டியில் காலணியின் ஆணி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இவனுடையது ஒன்பது. மண் தடத்தில் ஓடித் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, கழற்ற முடியவில்லை. வேறொரு பையனின் காலணியை, ஒரு அளவு பெரியதை, வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். கழற்ற என்ன வழி?


வெள்ளைக்கொடி
மார்ச் 8, இரவு 9:31

செயற்கைத் தடத்தில் விதிப்படி ஒன்பதுவரை போகலாம். ஆனால் தடம் கெட்டுவிடும் என்று பல மைதானங்களில் ஆறுதான் அனுமதிக்கிறார்கள். அடுத்த முறை இரண்டு வகை ஆணியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்ற, துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்திருந்து, சின்ன இடுக்கியால் திருகுங்கள்.

சைக்கிள் கடைக்காரர் துருப்பிடித்த ஆணியைக் கழற்ற என்னிடம் வழி கேட்கிறாரே ஐயா!


சைக்கிள்கடை
மார்ச் 8, இரவு 9:36

இடுக்கி இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. இத்தனை நாளும் அவன் காலணியைப் புரட்டிப் பார்த்ததில்லை ஐயா. இன்றுதான் பார்த்தேன். இடது காலணியில் இரண்டு ஆணி இல்லவே இல்லை.